கேப் இ-சிசி: படிவம் டிஸ்டிங்ஷன், டெலிவரி ஜஸ்ட் பாஸ்

கேப் இ-சிசி என்பது புற்றுநோய்த் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கான மின்படிவம். இந்தப் படிவத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டே தரப்பு. அதை நிரப்பும் பாத்தாலஜிஸ்டுகள் (திசுவைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் டாக்டர்கள்), அதை விற்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள். நிரப்பி முடித்த ரிப்போர்ட் கடைசியில் யாரிடம் வந்து சேருகிறதோ அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

அமெரிக்காவில் கேன்சர் ரெஜிஸ்ட்ரார் என்று ஒரு வேலை உண்டு. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "அப்ப நீ டாக்டரா, நர்ஸா?" என்பார்கள். இரண்டும் இல்லை. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு புற்றுநோயாளியின் ஃபைலையும் படித்து, எந்த உறுப்பு, என்ன வகைக் கட்டி, எவ்வளவு பெரிது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியிருந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள், ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று எல்லாவற்றையும் குறியீட்டு எண்களாக மாற்றிப் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. சிடிஆர் என்றிருந்த பட்டத்தின் பெயரை 2024 ஜனவரியில் ஓடிஎஸ் என்று மாற்றினார்கள், வேலை அதேதான். ஒரு மாநிலத்தில் மார்பகப் புற்றுநோய் கூடுகிறதா குறைகிறதா, எந்த ஸ்டேஜில் கண்டுபிடிக்கிறார்கள், எந்தச் சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று செய்தியில் வரும் எண்களெல்லாம் இப்படி யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாக ஏற்றியதுதான். அந்த ஃபைலில் நாங்கள் அதிகம் படிப்பது பாத்தாலஜி ரிப்போர்ட்டை. ஆகவே இதை மதிப்பிட எனக்கும் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

சரி, பொருள் என்ன? காலேஜ் ஆஃப் அமெரிக்கன் பாத்தாலஜிஸ்ட்ஸ், சுருக்கமாக கேப், உறுப்புவாரியாகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும் என்று நெறிமுறைகள் வெளியிடுகிறது. 1980களின் பிற்பகுதியில் ஆரம்பித்த விஷயம். முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2004 இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் கமிஷன் ஆன் கேன்சர், தன் அங்கீகாரம் வேண்டுமென்றால் இந்த விவரங்கள் ரிப்போர்ட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகுதான் மருத்துவமனைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. இப்போதைய விதிப்படி, தகுதியுள்ள ரிப்போர்ட்டுகளில் குறைந்தது 90 சதவீதம் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும். இந்த நெறிமுறைகள் வேர்ட், பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகவே கிடைக்கின்றன. அதே கேள்விகளைக் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவம் ஆக்கி, லேப் சாஃப்ட்வேருக்குள் நேராக ஏற்றிக்கொள்ளும்படி கொடுப்பதுதான் இ-சிசி, எலக்ட்ரானிக் கேன்சர் செக்லிஸ்ட்ஸ். இதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் தனி எண் உண்டு, சி-கீ என்பார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் சண்டை போடப்போகிறேன்.

இது இல்லாத காலத்து ரிப்போர்ட்டைப் படித்திருந்தால்தான் இதன் அருமை தெரியும். பழைய கேஸ்களைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்போது இன்றும் அவை கண்ணில் படும். டாக்டர் டேப்பில் பேசி, யாரோ டைப் அடித்த இரண்டு பக்கம், பத்தியே பிரிக்காமல் ஓடும். அழகான ஆங்கிலம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடலை வெட்டி எடுத்த ரிப்போர்ட்டில் "பல நிணநீர் முடிச்சுகள் பரிசோதிக்கப்பட்டன, எதிலும் கட்டி இல்லை" என்று போட்டிருப்பார். பல என்றால் எத்தனை? பெருங்குடல் புற்றுநோயில் குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் குறைவாகப் பார்த்துவிட்டு "பரவவில்லை" என்றால், பரவவில்லையா அல்லது போதுமான அளவு தேடவில்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிக்குக் கீமோ தரலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது புற்றுநோய் டாக்டர் பார்க்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்த ஒற்றை எண் ரிப்போர்ட்டில் இல்லை. நான் என்ன செய்வேன், 97 என்று போடுவேன். எங்கள் அகராதியில் அதற்கு "முடிச்சுகளை வெட்டி எடுத்தார்கள், எண்ணிக்கை தெரியாது" என்று அர்த்தம். பதிவேட்டில் ஒரு 97 ஏறுகிறது, அவ்வளவுதான், அந்த ஆளைப் பற்றிய அந்தத் தகவல் அதோடு போயிற்று.

மலக்குடலில் இன்னும் மோசம். அங்கே கட்டிக்கும் வெட்டி எடுத்த திசுவின் சுற்று விளிம்புக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்பது முக்கியம், 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் விளிம்பில் கட்டி இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். "விளிம்புக்கு அருகில் உள்ளது" என்று எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பதையே சுற்றி வளைத்துச் சொல்லும் ரிப்போர்ட்டுகள் தனி ரகம். எங்கள் கையேட்டில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. "கன்சிஸ்டென்ட் வித்", "சஸ்பிஷியஸ் ஃபார்", "ஃபேவர்ஸ்" என்று வந்தால் பொதுவாகப் புற்றுநோய் என்று கணக்கில் சேர்ப்போம். "பாஸிபிள்", "சஜஸ்ட்ஸ்", "வொரிசம்", "கேன்னாட் பி ரூல்ட் அவுட்" என்று வந்தால் சேர்க்க மாட்டோம். எழுதிய டாக்டர் இந்தப் பட்டியலைப் பார்த்திருக்கக்கூட மாட்டார், அன்றைக்கு அவர் வாயில் எந்தச் சொல் வந்ததோ அது. அதை வைத்து ஒருவர் அந்த வருடத்துப் புள்ளிவிவரத்தில் இருக்கிறார் அல்லது இல்லை. இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள், 2000 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அறுவை மருத்துவர்களிடம் பாத்தாலஜி ரிப்போர்ட்டுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்டபோது, ஏறக்குறைய 30 சதவீதத் தடவை தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கத்தி பிடிக்கும் கைகள்!

இ-சிசி இதை எப்படி மாற்றுகிறது என்றால், ரொம்ப எளிமையாக. ஒரு வரியில் கேள்வி, அதே வரியில் பதில். பரிசோதித்த முடிச்சுகள்: 17. கட்டி இருந்த முடிச்சுகள்: 2. எல்லாம் ரிப்போர்ட்டில் ஒரே இடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. இதைத்தான் சினாப்டிக் ரிப்போர்ட் என்கிறார்கள். கட்டாயக் கேள்விகள் தனி, விருப்பமிருந்தால் நிரப்பும் கேள்விகளுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி. கட்டாயக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டவும் அது வற்புறுத்துவதில்லை. "தீர்மானிக்க இயலவில்லை, காரணம் கூறவும்" என்று ஒரு பதில் பல கேள்விகளில் வைத்திருக்கிறார்கள். இதுதான் இந்தப் படிவத்தில் எனக்கு மிகப் பிடித்த அம்சம். பழைய ரிப்போர்ட்டில் ரத்தக்குழாய்க்குள் கட்டி புகுந்திருக்கிறதா என்ற பேச்சே இல்லையென்றால், டாக்டர் பார்த்து இல்லை என்று விட்டாரா, பார்க்கவே இல்லையா, பார்த்தும் சொல்ல மறந்தாரா என்று மூன்று சாத்தியம். இப்போது "காணப்படவில்லை" என்பது ஒரு பதில், "தீர்மானிக்க இயலவில்லை" என்பது வேறு பதில். எங்கள் கையேடே இந்த ஒரு விவரத்துக்கு முதலில் கேப் படிவத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது.

நன்மை இருக்கிறது என்பதற்கு எண்களும் உண்டு. கேப் 86 மருத்துவமனைகளில் எடுத்து 2010 இல் வெளிவந்த கணக்கெடுப்பில், எல்லாக் கட்டாய விவரங்களும் இருந்த ரிப்போர்ட்டுகள் 69 சதவீதத்துக்குப் பக்கம்தான், அதிலும் செக்லிஸ்ட் பயன்படுத்திய இடங்கள் பயன்படுத்தாத இடங்களைவிட வெகு தூரம் முன்னால் இருந்தன. தன் படிவத்தைத் தானே சோதித்துத் தானே பாராட்டிக்கொள்வது என்று யாராவது முணுமுணுத்தால், வேல்ஸில் முறையான குலுக்கல் முறைச் சோதனையே நடத்தி, கணினிப் படிவம் வந்ததும் ரிப்போர்ட்டுகள் முழுமையானதை 2002 இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதற்கு மேல் இந்த வாதத்தில் நேரம் செலவழிக்க மாட்டேன்.

எனக்கு இதன் மதிப்பு உறைத்தது ஹெர்-2 விஷயத்தில். மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் கொடுப்பார்கள். 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் சந்தேகம், இன்னொரு சோதனை செய்ய வேண்டும். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். பல வருடங்களாக 0 க்கும் 1+ க்கும் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் கிடையாது. அதனால் உரைநடையில் எழுதியவர்கள் "ஹெர்-2 நெகட்டிவ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள், யாரும் தப்பு சொல்லவில்லை. அப்புறம் 2022 ஆகஸ்டில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் மருந்துக்கு, ஹெர்-2 குறைவாக உள்ள, பரவிய மார்பகப் புற்றுநோயிலும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. குறைவாக என்றால் 1+, அல்லது இரண்டாவது சோதனையில் நெகட்டிவ் ஆன 2+. ஒரே நாளில் 0 வேறு, 1+ வேறு என்றாகிவிட்டது. கேப் படிவத்தில் "நெகட்டிவ் (0)", "நெகட்டிவ் (1+)" என்று முன்பிருந்தே இரண்டு தனித்தனிப் பெட்டிகள். அன்றைக்கு அதைப் பார்த்து "இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெட்டி" என்று சலித்துக்கொண்ட டாக்டர்கள் உண்டு. படிவத்தை நிரப்பியிருந்த இடங்களில் பழைய நோயாளிகளைத் தேடி எடுப்பது வெறும் தேடல். ஒற்றை வார்த்தையில் முடித்த இடங்களில் கண்ணாடி வில்லைகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது நோயாளியிடமிருந்து மறுபடி திசு எடுக்க வேண்டும். (எங்கள் தரப்பு ஒன்றும் யோக்கியமில்லை. பதிவேட்டில் உள்ள ஹெர்-2 மொத்தச் சுருக்கத்தில் 0 ஆனாலும் 1+ ஆனாலும் நெகட்டிவ் என்றுதான் ஏறும்.)

சரி, பாராட்டு போதும்.

முதல் குறை, பெரிய குறை, டெலிவரி. பாத்தாலஜிஸ்ட் திரையில் ஒவ்வொரு பெட்டியாகத் தேர்வு செய்கிறார். அந்த நொடியில் அந்த விவரம் சுத்தமான தரவு, ஒவ்வொன்றுக்கும் சி-கீ எண் இருக்கிறது, உலகத்தில் எந்தக் கணினியும் புரிந்துகொள்ளலாம். ரிப்போர்ட்டை முடித்துக் கையெழுத்திடும் "சைன் அவுட்" பொத்தானை அழுத்துகிறார். லேப் சாஃப்ட்வேர் அவ்வளவையும் வெறும் எழுத்தாக்கி, ஒரு நீளமான பத்தியாக, மருத்துவமனைக் கணினிகள் பேசிக்கொள்ளும் ஹெச்எல்7 செய்திக்குள் திணித்து அனுப்புகிறது. எண்கள் போயின, கேள்வி எது பதில் எது என்ற பிரிவு போயிற்று, வரி பிரிப்புகூடச் சில நேரம் போய்விடுகிறது. வெளி லேபிலிருந்து வருவது என்றால் பிடிஎஃப், அதிர்ஷ்டம் கெட்ட நாளில் ஃபேக்ஸ், ஃபேக்ஸை ஸ்கேன் செய்த படம். அந்தப் படத்தைப் பார்த்து நான் 17 ஐ ஒரு கட்டத்திலும் 2 ஐ இன்னொரு கட்டத்திலும் கையால் டைப் செய்கிறேன். அவர் பெட்டியில் தேர்ந்தெடுத்த அதே 17, அதே 2. கறந்த பால் மடி புகாது என்பார்கள், இங்கே தினமும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

இதற்கு வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. லேபிலிருந்து பதிவேட்டுக்கு எந்த வடிவத்தில் அனுப்புவது என்று நாக்கர் என்ற வட அமெரிக்கப் பதிவேடுகளின் சங்கம் தனித் தொகுதியே எழுதி வைத்திருக்கிறது. அனுப்பினால் வாங்கிக்கொள்ள அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி "இ-மார்க் பிளஸ்" என்று ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. கேப் படிவங்களைப் பதிவேட்டுக்கு நேராக அனுப்பிப் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்தை 2001 லேயே கலிஃபோர்னியாவிலும் ஓஹாயோவிலும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு நடத்தினார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜனவரி 1 முதல் பாத்தாலஜிஸ்டுகள் புற்றுநோய் முடிவுகளை மின்னணு முறையில் மாநிலப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் "மின்னணு முறை" என்ற சொல்லுக்குள் சி-கீயோடு வரும் தரவும் அடக்கம், வெறும் எழுத்தாக வரும் பத்தியும் அடக்கம். எனக்கு வருவதில் பெரும்பகுதி இரண்டாவது ரகம்.

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அங்கே ஜான் ஸ்ரிக்லி என்ற பாத்தாலஜிஸ்டும் கேன்சர் கேர் ஒண்டாரியோவும் சேர்ந்து இதை மாகாணம் முழுமைக்குமான திட்டமாக எடுத்துச் செய்தார்கள். 2009 இல் அவர் குழு எழுதிய கட்டுரையில் ஆறு படிநிலைகள் வரும். முதல் படி வெறும் உரைநடை, இரண்டாவது உரைநடைதான் ஆனால் கேப் விவரங்கள் உள்ளே இருக்கும், மூன்றாவது பார்க்கப் படிவம் மாதிரி இருக்கும் எழுத்து, நான்காவது டிராப்டவுன் உள்ள மின்படிவம், ஐந்தாவது இ-சிசி மாதிரி பொதுத் தரத்தில் சேமிக்கப்படும் தரவு, ஆறாவது அதற்கு மேல் ஸ்னோமெட் போன்ற மருத்துவச் சொற்களுக்கான குறியீடும் சேர்ந்தது. 2010களின் தொடக்கத்திலேயே ஒண்டாரியோவின் பெரும்பாலான மருத்துவமனைகள் ஐந்தாவது படியில் மாகாணப் பதிவேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இங்கே பாத்தாலஜிஸ்டின் திரையில் ஐந்து, என் திரைக்கு வரும்போது மூன்று. லைசென்ஸுக்குக் காசு கொடுத்தது ஐந்துக்கு! நெதர்லாந்தில் பால்கா என்ற நாடு தழுவிய பாத்தாலஜி தரவுத்தளம் 1971 இல் தொடங்கி 1991 வாக்கில் எல்லா லேபையும் இணைத்துவிட்டது. படிவம் வருவதற்கு முன்பே சாலை போட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். அமெரிக்கா அளவுக்குச் சிதறிய நாட்டில் அது லேசில்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஒரே மருத்துவமனைக்குள் மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு வருவதற்குள் தரவு எழுத்தாகிவிடுவதற்கு நாட்டின் பரப்பளவைக் குறை சொல்ல முடியாது.

இது கேப்பின் குற்றமா, லேப் சாஃப்ட்வேர் விற்பவர்களின் குற்றமா என்று கேட்டால் பெரும்பங்கு இரண்டாமவர்களுடையது. ஆனால் லைசென்ஸ் கொடுக்கும்போதே "வெளியே அனுப்பும்போதும் சி-கீ போக வேண்டும்" என்று கேப் கறாராக நிபந்தனை போட்டால் என்ன?

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது. உரைநடையில் தப்பு நடந்தால் தப்பு மாதிரியே தெரியும். வாக்கியம் முறிந்திருக்கும், சம்பந்தமில்லாத சொல் வந்திருக்கும், படிப்பவர் நின்றுவிடுவார். டிராப்டவுனில் ஒரு வரி கீழே கிளிக் ஆகிவிட்டால் வருவது அதே நேர்த்தியான, அதே சுத்தமான, முற்றிலும் தவறான பதில். என்னிடம் வந்த ஒரு ரிப்போர்ட்டில் தலைப்பில் வலது மார்பகம், திசு விவரத்தில் வலது, படிவத்தில் மட்டும் இடது. எந்த லேப் என்று சொல்லப்போவதில்லை. கேட்டு எழுதினேன், திருத்தம் வந்தது, நோயாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் படிவத்தை மட்டும் கணினி தானாகப் படித்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், அதாவது நான் மேலே கேட்டது அப்படியே நடந்திருந்தால், அந்த இடது அப்படியே உள்ளே போயிருக்கும். அதனால் எல்லாம் தானியங்கி ஆகட்டும் என்று நான் சொல்லவில்லை. தரவு தரவாகவே வரட்டும், சரிபார்க்க ஓர் ஆள் இருக்கட்டும். டைப் அடிப்பதில் போகும் நேரம் சரிபார்ப்பதில் போனால் போதும். என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாக நினைத்தால், ஆமாம், அதுவும்தான்.

அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்த நோயாளிகள் விஷயத்தில் இன்னொரு ஓட்டை. அவர்களுக்கு ஸ்டேஜ் எழுதும்போது முன்னால் "ஒய்" எழுத்து சேர்க்க வேண்டும், கீமோவில் சுருங்கிய கட்டியைச் சுருங்காத கட்டியோடு ஒப்பிடக் கூடாது என்பதற்காக. படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் நோயாளி கீமோ எடுத்தாரா என்பது பாத்தாலஜிஸ்டுக்குத் தெரிந்தால்தானே? திசுவோடு வரும் சீட்டில் அறுவை மருத்துவர் அதை எழுதவில்லை என்றால், பாத்தாலஜிஸ்ட் எதுவும் தெரியாமல் சாதாரண ஸ்டேஜ் போட்டு அனுப்பிவிடுகிறார். மருந்துப் பட்டியலும் ஸ்டேஜும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்திருக்கும் எனக்குத்தான் அது கண்ணில் படுகிறது. இவ்வளவு கேள்வி கேட்கும் சாஃப்ட்வேர், அதே மருத்துவமனையின் மருந்துப் பதிவை ஒரு எட்டு பார்த்து எச்சரிக்கை கொடுக்கலாம், நான் பார்த்தவற்றில் அப்படி எதுவும் இல்லை.

பதிப்புக் குழப்பம் வேறு. ஸ்டேஜ் போடும் விதிகளை வெளியிடும் அமெரிக்க அமைப்பு ஏஜேசிசி. அதன் விதிகளின் எட்டாம் பதிப்பு 2018 ஜனவரி 1 இல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு முழுப் புத்தகமாக இல்லாமல் உறுப்பு உறுப்பாகப் புதுப்பிக்கிறார்கள், 2021 இல் கருப்பை வாய்க்கு ஒன்பதாம் பதிப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேப் படிவம் மாற வேண்டும், கேப் மாற்றியதை விற்பனையாளர் ஏற்ற வேண்டும், விற்பனையாளர் ஏற்றியதை மருத்துவமனை ஐடி ஆட்கள் சோதித்துத் திறந்துவிட வேண்டும். கேப் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, ஆண்டுக்குச் சில முறை வெளியீடு வருகிறது. சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர்களுக்குத்தான் அவசரமே இல்லை. சொந்தமாக வேர்டில் படிவம் செய்து வைத்துக்கொண்ட லேப்கள் இன்னும் மோசம், வேறு இடத்துக்குப் பரவியதா என்ற வரியில் "எம்எக்ஸ்" (மதிப்பிட முடியவில்லை) என்று போட்டு அனுப்புகிறார்கள். அந்த எம்எக்ஸை ஏழாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். செத்துப் பல வருடமான குறியீடு, மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

பாத்தாலஜிஸ்டுகளின் புகாரையும் சொல்லிவிடுவது நியாயம். கிளிக், கிளிக், கிளிக் என்று கை வலிக்கிறது, பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, விசித்திரமான கட்டி ஒன்று வந்தால் எந்தப் பெட்டியிலும் அடங்குவதில்லை என்கிறார்கள். உண்மைதான். அப்படிப்பட்ட கேஸ்களில் விஷயமெல்லாம் கடைசியில் உள்ள "கமெண்ட்" பெட்டியில்தான் இருக்கும், புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்வதே கமெண்ட்டைப் படிக்காமல் ஃபைலை மூடாதே என்பதுதான். ஆனால் அவர்கள் கையேட்டிலேயே கட்டாயமானது கொஞ்சம்தான், கூட்டல் குறி போட்டதை விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பல மருத்துவமனைகளில் உள்ளூர்க் கமிட்டி உட்கார்ந்து விருப்பக் கேள்விகளையெல்லாம் கட்டாயமாக்கி வைத்துவிட்டுக் கேப்பைத் திட்டுகிறார்கள். மார்பகத்தில் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றின் முடிவுகள் தனிப் படிவத்தில் வருவது குறித்தும் புலம்பல் உண்டு. இதில் நானும் அவர்கள் பக்கம். அறுவை ரிப்போர்ட்டில் "முந்தைய பயாப்ஸியைப் பார்க்கவும்" என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள், அந்தப் பயாப்ஸி வேறு ஊர் லேபில் நடந்திருக்கும், அதைத் துரத்துவது தனி உத்தியோகம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர் பாத்தாலஜிஸ்டுகள் பலர் ஏற்கெனவே கேப் நெறிமுறையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள், ரிப்போர்ட்டின் அடியில் அப்படிக் குறிப்பிடும் லேப்களும் உண்டு. இ-சிசி லைசென்ஸ் எல்லா லேபுக்கும் தேவையில்லை. இலவச வேர்ட் கோப்பை வைத்தே முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடும், ஏனென்றால் பலன் கேள்விகளில் இருக்கிறது, எக்ஸ்எம்எல்லில் இல்லை. அமெரிக்க வாடை வேண்டாம் என்றால் ஐசிசிஆர் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் படிவங்களைப் பாருங்கள். 2011 இல் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கனடிய, அமெரிக்க பாத்தாலஜி அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது, எல்லாம் இலவசம், குறைவான வசதியுள்ள லேப்களையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் சென்னைப் பெருநகரப் பதிவேட்டில், ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் விவரம் சேகரிக்கிறார்கள். என்னைவிடக் கஷ்டமான வேலை. எதிரே இருக்கும் ரிப்போர்ட்டில் முடிச்சு எண்ணிக்கை ஒரு தனி வரியில் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் யாருக்காவது ரிப்போர்ட் வந்து நீங்கள் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள் என்றால், அறுவை ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, கிரேடு, விளிம்பு நிலை, எத்தனை முடிச்சில் எத்தனை, ஸ்டேஜ் ஆகியவை தனித்தனியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மார்பகம் என்றால் ஹெர்-2 வுக்கு வெறும் நெகட்டிவ் என்றில்லாமல் மதிப்பெண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் பாத்தாலஜிஸ்ட் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அர்த்தம் என்ன என்பதை நெட்டில் தேடாமல் டாக்டரிடமே விடுங்கள்.

இ-சிசி வாங்க உட்கார்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகள் யாராவது தப்பித்தவறி இதைப் படித்தால், டெமோவில் உங்களுக்கு அழகான திரையைக் காட்டுவார்கள், அதில் மயங்காதீர்கள். ஏஜேசிசி புதுப்பிப்பு வந்தால் எத்தனை வாரத்தில் ஏற்றுவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் டெமோ நடக்கும்போதே ஒரு மாதிரி ரிப்போர்ட்டைச் சைன் அவுட் செய்யச் சொல்லி, வெளியே போகும் ஹெச்எல்7 செய்தியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு விடையும் தனித்தனி ஓபிஎக்ஸ் வரியாக (ஹெச்எல்7 செய்தியில் முடிவுகளைத் தாங்கும் வரி) சி-கீ எண்ணோடு இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஒரே நீளப் பத்தியாக இருந்தால் விலையில் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள், மீதிப் பாதியை உங்கள் ரெஜிஸ்ட்ரிக்கு இன்னொரு ஆள் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.